எஃப்310, ஏடி810, எஃப்ஜி800: பழைய கிட்டாரில் எதை எடுப்பது?

ஜூனில் பள்ளி திறந்தால் என் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்கள் என்னிடம் போனை நீட்டுவார்கள். இந்த வருடம் தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவியின் அப்பா மூன்று படங்களைக் காட்டினார். பெரம்பூரில் ஒரு யமஹா எஃப்310, கொளத்தூரில் ஒரு கோர்ட் ஏடி810, மாதவரத்தில் ஒரு யமஹா எஃப்ஜி800. மூன்றும் பழையவை. "மூணும் ஒரே மாதிரிதானே மிஸ் இருக்கு? விலை மட்டும் ஏன் இப்படி ஏறுது? எதை வாங்கட்டும்?"

படத்தில் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். தேன் நிற மேல் பலகை, அகன்ற உடம்பு, சவுண்ட் ஹோல் என்கிற நடு ஓட்டைக்குக் கீழே, பலகை கீறாமல் இருக்க ஒட்டிய அடர் நிற பிக்கார்டு. மூன்றும் ட்ரெட்நாட் என்கிற ஒரே வடிவம். காலடிப்பேட்டையில் நான் பதினைந்து வருடமாகக் கிட்டார் சொல்லித் தருகிறேன். இந்த மூன்றையும், இவற்றின் உறவுக்கார மாடல்களையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். அதுவும் கடலுக்குப் பக்கத்தில், ஏசி இல்லாத வீட்டில், பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்காக.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் விரல் வலி. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடுவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் இதுதான். இரண்டாவது நம் ஊர்க் காற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கம்பி துருப்பிடிக்கும் வேகம் அண்ணா நகரில் இருப்பவர்களுக்குப் புரியாது. மூன்றாவது சத்தம். நான்காவது, வாங்கிய பிறகு சத்தமில்லாமல் பர்ஸிலிருந்து போகும் பணம். ஐந்தாவது, பிள்ளைக்கு ஆர்வம் விட்டுப்போனால் போட்ட பணத்துக்குத் திரும்ப விற்க முடியுமா என்பது.

இந்த ஐந்தில் முதலாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். என் அப்பா 1980களின் தொடக்கத்தில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கிட்டார் வாங்கி வந்தார். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது, அந்தக் கிட்டார் எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான் அதில்தான் கற்றேன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் என் சுண்டு விரல் நுழையும், அவ்வளவு உயரம். ஒரு வருடம் ஆகியும் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் கூட்டுச் சுரம்) என் கைக்கு வரவில்லை. என் விரலில்தான் ஏதோ குறை என்று நினைத்து அழுதிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் ராயபுரத்தில் தோழியின் வீட்டில் அவளுடைய கிட்டாரை வாங்கி வாசித்தேன். முதல் தடவையே எஃப் கார்டு மணி மாதிரி கேட்டது. அந்த ஒரு வருடம் வீணாய்ப் போனதே என்ற வருத்தம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. எந்தப் பிள்ளையும் அப்படித் தன் விரலைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதனால் மாடலைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு பழைய கிட்டாருக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம், இரண்டு மாடலுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருக்கலாம்.

## கழுத்தைப் பார்ப்பது எப்படி

கையில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுத்துப் போங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம் வரும். கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் அந்த இரண்டு நாணயத்தையும் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை, கம்பியைத் தூக்குகிறது என்றால் நல்லது. வசதியாக நுழைந்து மேலே இன்னும் இடம் இருந்தால் ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் இடைவெளி, உயரம். ஆறாவது கம்பியில் 2.5, முதல் கம்பியில் 2 மில்லிமீட்டர் இருந்தால் புதிதாகக் கற்பவருக்கு சுகமாக இருக்கும்.

ஆக்ஷன் உயரமாக இருந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. அடுத்ததாக சேடிலைப் பாருங்கள். கம்பியின் அடிமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் என்கிற கட்டையில் செருகியிருக்கும் அந்த வெள்ளைப் பட்டை வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? சேடிலை 1 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். சேடில் நன்றாக மேலே தெரிந்தால் தேய்த்து இறக்கிக்கொள்ளலாம், செலவும் குறைவு. ஆக்ஷன் உயரமாகவும் இருக்கிறது, சேடிலும் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டிக் கிடக்கிறது என்றால் கழுத்து உடம்போடு சேரும் கோணமே மாறிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். இந்த விலைக் கிட்டாருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. எந்த மாடலாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கழுத்தின் வளைவு வேறு விஷயம். கேரம் ஆடுகிறவர் ஒரு கண்ணை மூடிக் குறிபார்ப்பதுபோல, கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரம் வழியாகப் பாருங்கள். சின்ன முன்வளைவு இருக்கத்தான் வேண்டும். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளியைப் பார்த்தால், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதைவிட வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்கிற உலோகத் தண்டை ஆலன் கீயால் திருகிச் சரிசெய்யலாம். விற்பவரிடம் கேட்டு அந்த ராட் திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு ஓரம் நேராகவும் இன்னொரு ஓரம் வளைந்தும் தெரிந்தால், ராடால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாகப் பிரிட்ஜ். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரண் மேல் இரண்டு கோடைக்காலம் கிடந்த கிட்டாருக்கு இது சாதாரணம்.

## மூன்றும் தாளில் எப்படி இருக்கின்றன

| | யமஹா எஃப்310 | கோர்ட் ஏடி810 | யமஹா எஃப்ஜி800 |
|---|---|---|---|
| மேல் பலகை | ஸ்ப்ரூஸ், லேமினேட் | ஸ்ப்ரூஸ், லேமினேட் | ஸ்ப்ரூஸ், சாலிட் |
| கம்பி அதிரும் நீளம் | 634 மி.மீ. | 643 மி.மீ. | 650 மி.மீ. |
| நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பி படியும் பட்டை) அகலம் | 43 மி.மீ. | 43 மி.மீ. | 43 மி.மீ. |
| பிக்கப் (ஆம்ப்ளிஃபையரில் செருக உதவும் கருவி) உள்ள உடன்பிறப்பு | எஃப்எக்ஸ்310ஏ | ஏடி810இ | எஃப்ஜிஎக்ஸ்800சி |
| ஈரக் காற்றைத் தாங்குவது | நன்று | நன்று | கவனம் வேண்டும் |
| விரைவில் திரும்ப விற்பது | எளிது | சுமார் | ஆள் கிடைத்தால் நல்ல விலை |

லேமினேட் என்றால் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகை, ப்ளைவுட் மாதிரி. சாலிட் என்றால் ஒரே மரத்தை அறுத்த பலகை. ஒரே மரம் தாராளமாக அதிரும், சத்தம் விரியும். அதே மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதவும் செய்யும். விற்பவர் சாலிட் என்று சொன்னால் சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே நேராகக் கீழே இறங்கினால் சாலிட். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் லேமினேட்.

கம்பி நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 634 மி.மீ. கிட்டாரில் விரல் வலிக்காது, 650இல் வலிக்கும் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கணக்குப் போட்டால் எஃப்310ஐவிட எஃப்ஜி800இல் ஏறத்தாழ 5 சதவீதம்தான் அதிகம். முதல் ஃப்ரெட்டின் அகலத்தில் வித்தியாசம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. மாறாக, 012 என்கிற தடித்த கம்பி செட்டைக் கழற்றிவிட்டு 010 என்கிற மெல்லிய செட் போட்டால் முதல் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் இறங்குகிறது. அதாவது, சில நூறு ரூபாய் கம்பி செய்கிற வேலையை மாடல் மாற்றத்தால் செய்ய முடியாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## யமஹா எஃப்310

சென்னையில் பழைய கிட்டார் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். பல வருடங்களாக ஆரம்ப மாணவர்களுக்கென்றே விற்றுக்கொண்டிருந்த மாடல் என்பதால் எந்தத் தெருவிலும் ஒரு வீட்டில் ஒன்று அலமாரிக்கு மேலே கிடக்கும். இதன் பெரிய பலம் அங்கேதான் இருக்கிறது. நிறைய இருப்பதால் ஒன்று சரியில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இரண்டு வருடம் வாசித்துவிட்டு விற்றாலும் வாங்க ஆள் வரும்.

லேமினேட் உடம்பு என்பதால் நம் காற்றுக்கு அசராது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய், புறநகர் ரயிலில் கூட்டத்தில் இடிபட்டு வந்தாலும் தாங்குகிறது. சத்தம் கூர்மையாக இருக்கும், அடி நாதம் மெலிவு. தனியாக உட்கார்ந்து வாசித்தால் கொஞ்சம் வறட்சியாகத் தெரியும். ஆனால் டோலக் கூட வைத்துக்கொண்டு கானா பாடும் பையன்களுக்கு இந்தக் கூர்மையே வசதி. தாள வாத்தியத்துக்கு அடியில் மூழ்காமல் ஸ்ட்ரம்மிங் தனியாகக் கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு சுருதி சேர்க்கத் திருகும் டியூனிங் கீயில் வரும். கடலோரத்தில் ஐந்தாறு வருடம் இருந்தவற்றில் கீ திருகும்போது கரகரவென்று கடிக்கும், சுருதி நிற்காது. புது செட் கீ போட்டால் சரியாகிவிடும், அந்தத் தொகையை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெயர் மட்டும் ஒட்டிய போலிகளும் உண்டு. சவுண்ட் ஹோலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் லேபிளில் மாடல் பெயரும், உள்ளே வரிசை எண்ணும் ஒழுங்காகத் தெரிய வேண்டும். எழுத்து கோணலாக, மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதல் கிட்டார், பிள்ளை தொடர்வாளா என்று தெரியாது, வீடு கடலுக்குப் பக்கம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நான் எஃப்310 பக்கம்தான் சாய்வேன்.

## கோர்ட் ஏடி810

கோர்ட் ஒரு கொரிய நிறுவனம். வேறு பெரிய பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுப்பவர்கள். நம் ஆட்களுக்கு யமஹா அளவுக்கு இந்தப் பெயர் பழக்கமில்லை. பழையதை வாங்குகிறவருக்கு அது லாபம், ஏனென்றால் அதே நிலையில் உள்ள எஃப்310ஐவிடப் பெரும்பாலும் குறைத்துக் கேட்கலாம். விற்கும்போது அதே குறை உங்களுக்கும் வரும்.

முதுகும் பக்கங்களும் மஹோகனி. என் காதுக்கு இது எஃப்310ஐவிட உருண்டையாகக் கேட்கிறது, நடு நாதம் அதிகம். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிற என் மாணவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், குரலை மறைக்காது. சர்ச்சுக்கு என்றால் பிக்கப் உள்ள ஏடி810இ கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் பேட்டரி வைக்கும் இடத்தைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயரை ஒரு ஆம்ப்ளிஃபையரில் செருகி ஒவ்வொரு குமிழையும் திருகுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் பக்கத்துப் பலகையை அறுத்துப் பொருத்திய பிக்கப் இருந்தால் நான் ஒதுக்கிவிடுவேன். அறுத்த ஓரத்திலிருந்து பிளவு ஆரம்பித்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த மாடலில் ஓப்பன் போர் என்று ஒரு வகை உண்டு. பளபளப்பு இல்லாமல் மரத்தின் நரம்பு கையில் தட்டும். தொட அருமையாக இருக்கும், வலது கை பதியும் இடத்தில் வியர்வைக் கறை ஏறியிருப்பதுதான் குறை. அது அழகுக் குறைதான், சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

## யமஹா எஃப்ஜி800

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஆசை அதிகம் வரும் இடம் இது.

எஃப்ஜி என்பது ஃபோக் கிட்டார் என்பதன் சுருக்கம். 1966இல் யமஹா தொடங்கிய வரிசை. எஃப்ஜி800 வந்தது 2016இல், அதற்கு முன்னால் எஃப்ஜி700எஸ் இருந்தது. இரண்டுமே சாலிட் மேல் பலகை. 800இல் உள்ளே பலகையைத் தாங்கும் கட்டைகளைக் குடைந்து மெலிதாக்கியிருக்கிறார்கள், அதனால் அடி நாதம் நன்றாக எழும்பும். முதல் தடவை ஜி கார்டு அடித்தவுடன் நெஞ்சில் அதிர்வு தெரியும். எஃப்310இலிருந்து இதற்கு மாறிய மாணவர்கள் எல்லோரும் வாசித்ததும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வாங்கினால் எஃப்310ஐப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. பழையதில் அந்த இடைவெளி சில சமயம் சுருங்கிவிடும். வெளிநாடு போகிறவர், வேலை மாறிப் போகிறவர் அவசரத்தில் விற்பார். பெரம்பூரில் ரயில்வே வேலைக்காக வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிட்டார் இல்லாத வீடு அபூர்வம். அவர்கள் ஆஸ்திரேலியா கிளம்பும்போது நல்ல கிட்டார்கள் வெளியே வரும். அந்த மாதிரி, வாசித்த கைகளிலிருந்து வருகிற எஃப்ஜி கிடைத்தால் விடாதீர்கள். தினமும் வாசித்த கிட்டாரைப் பொதுவாக நன்றாகவே வைத்திருப்பார்கள். ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பள்ளம் தோண்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து ஈரம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். நம் பக்கம் வருடத்தில் பல மாதம் 70க்கு மேலேதான் நிற்கிறது. சாலிட் பலகை ஈரத்தில் ஊதி, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி மேலெழும். ஆக்ஷனும் கூடவே ஏறும். கொஞ்சம் வயிறு இருப்பது இயல்பு. ஒரு நீளமான ஸ்கேலைப் பலகையின் மேல் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவு தூக்கி நின்றால் வேண்டாம்.

வெள்ளம் இன்னொரு கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று நமக்குத் தெரியும். அப்போது நனைந்த கிட்டார்கள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு மாணவனுக்காக நானே ஒரு சாலிட் டாப் கிட்டாரைப் பேசி முடித்தேன். மேலே துடைத்து மெழுகு போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் முதுகுப் பலகை ஓரத்தில் வாய் திறந்தது. அந்தப் பையனுடைய அம்மா இட்லிக் கடை வருமானத்தில் சேர்த்த பணம் அது. அன்றையிலிருந்து முதல் வேலையாக சவுண்ட் ஹோலில் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கிறேன். பூசண வாடை, சுருங்கி அலையடித்த லேபிள், உள்ளே தண்ணீர் நின்ற கோடு, கீ ஆணிகளில் செம்மண் நிறத் துரு. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் திரும்பிவிடுங்கள். முதுகை விரல் கணுவால் ஆங்காங்கே தட்டுங்கள். எங்கேயாவது கடகடவென்று கேட்டால் உள்கட்டை பசை விட்டிருக்கிறது.

எஃப்ஜி800 யாருக்கு? குறைந்தது ஒரு வருடம் விடாமல் வாசித்தவருக்கு. கிட்டாரை உறையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, சமையலறைச் சுவரிலும் வெயில் படும் ஜன்னலிலும் சாய்க்காமல் வைக்க இடம் உள்ளவருக்கு. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கிற வீட்டில் அந்த இடம் இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு லேமினேட்தான் சரியான கிட்டார்.

## நடுவில் நுழைகிற மற்ற மாடல்கள்

இந்த மூன்றைத் தேடும்போது அதே விலையில் வேறு சிலவும் வரும். ஃபெண்டர் சிடி-60, சிடி-60எஸ் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் இருக்கும் அந்த எஸ் எழுத்துதான் சாலிட் பலகையைக் குறிக்கிறது. எஸ் இல்லாததற்கு எஸ் உள்ளதன் விலையைக் கேட்பவர்கள் உண்டு. யமஹாவில் இந்த விதி செல்லாது, எஃப்ஜி800இல் எஸ் இல்லாவிட்டாலும் அது சாலிட்தான்.

சின்ன உடம்புக்காரர்களுக்கு எஃப்எஸ்800ஐச் சிபாரிசு செய்வேன். எஃப்ஜி800இன் தங்கை மாதிரி. சாலிட் பலகை, 634 மி.மீ. நீளம், இடுப்பு ஒடுங்கியது. ட்ரெட்நாட்டை அணைத்துக்கொண்டால் வலது தோள் தூக்கி நிற்கிற பிள்ளைகளுக்கு இது பொருந்தும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் 540 மி.மீ. நீளமுள்ள ஜேஆர்1 போன்ற முக்கால் அளவு கிட்டாரே போதும்.

யமஹா சி40 பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அது நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டார், நட் அகலம் 52 மி.மீ. தலையில் நீளமான இரண்டு பள்ளம் வெட்டியிருக்கும். தெரியாமல் அதில் ஸ்டீல் கம்பி மாட்டி வாசித்தவர்கள் நம் பக்கம் நிறைய. அந்த இழுவிசை அதன் பிரிட்ஜையும் பலகையையும் பெயர்த்துவிடும். சி40இல் ஸ்டீல் கம்பி இருந்தால், அது எத்தனை மாதமாக இருக்கிறது என்ற கேள்வியே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

## வாங்கிய பிறகு ஆகும் செலவு

ஒரு பேச்சுக்கு, எஃப்310ஐ 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பியைக் கட்டாயம் மாற்ற வேண்டும், அதற்கு 500. சேடிலும் நட்டும் சரிசெய்து செட்டப் செய்ய 1,000. உறை இல்லையென்றால் 700. ஆக 7,200 ஆகிவிட்டது. டியூனிங் கீயும் மாற்ற வேண்டியிருந்தால் புதிய கிட்டாரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படியானால் பழையதற்கு என்ன அவசியம்? அதனால் இந்த மூன்றுக்கும் ஒரே வழக்கம் வைத்திருக்கிறேன். கம்பி மட்டும் மாற்றினால் வாசிக்கலாம் என்கிற நிலையில் இருந்தால் புதியதன் விலையில் பாதி. செட்டப்பும் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஃப்ரெட் தேய்ந்து மாற்ற வேண்டும் என்றால், எஃப்ஜியைத் தவிர மற்ற இரண்டுக்கும் அந்தச் செலவு செய்யாதீர்கள்.

புதியதன் விலையையும் கையில் பிடிக்கும் உணர்வையும் தெரிந்துகொள்ள ஒருநாள் கடைக்குப் போய்வாருங்கள். அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் மாதிரி பழைய கடைகள் இருக்கின்றன. புதுக் கிட்டாரில் ஆக்ஷன் எப்படி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தால் பழையதில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சென்னைக்குப் பக்கத்திலேயே யமஹாவின் வாத்தியத் தொழிற்சாலை 2019இலிருந்து கிட்டார் செய்கிறது. புதிய ஆரம்ப நிலைக் கிட்டாரின் விலையை விசாரிக்காமல் பழையதற்கு அதிகம் கொடுத்துவிடாதீர்கள்.

கடலோர வீட்டுக்குக் கம்பிச் செலவு எப்போதும் உண்டு. சாதாரண வெண்கலக் கம்பி எனக்கு ஆறு வாரத்தில் கறுத்துவிடுகிறது. மேலே பூச்சு உள்ள கம்பி விலை கூடுதல்தான், ஆனால் நான்கு மாதம் தாங்குகிறது. கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் இன்னும் சில வாரம் கூடும்.

## அந்த அப்பா எதை வாங்கினார்

மகளுக்குப் பன்னிரண்டு வயது, வீடு தண்டையார்பேட்டையில், முதல் கிட்டார். எஃப்310ஐ எடுங்கள் என்றுதான் சொன்னேன். நாணயம் இரண்டையும் கையில் கொடுத்து அனுப்பினேன். பெரம்பூரில் எஃப்310 பார்க்கப் புதுசு மாதிரி இருந்ததாம். நாணயம் இரண்டும் நுழைந்து மூன்றாவதுக்கும் இடம் இருந்தது, சேடில் பிரிட்ஜோடு ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்தே போன் செய்தார். வேண்டாம் என்றேன். மாதவரத்து எஃப்ஜி800 நல்ல கிட்டார், ஆனால் அதை வாங்கினால் இரண்டு மாத வகுப்புக் கட்டணத்துக்குக் கையில் காசு இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். கொளத்தூர் ஏடி810இல் ஒரு பக்கம் கீறல், வலது கை பதியும் இடத்தில் கறை. கழுத்து நேராக இருந்தது, ஒரு நாணயம்தான் நுழைந்தது. கீறலைக் காட்டிக் கொஞ்சம் குறைத்து வாங்கி, மழை வரும் முன் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் 010 செட் மாட்டிக் கொடுத்தேன். இப்போது அவள் ஜி-யிலிருந்து சி-க்கு மாறப் பழகிக்கொண்டிருக்கிறாள். எஃப் கார்டை அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.